பாதாள ஊருக்கு என்ன காசு? உலகம் அமைப்பவர்கள் உள்ளே வரவும்

சுரங்கச்சாமி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதை விளையாட்டில் (ஐந்தாம் பதிப்பு) நான் டிஎம், அதாவது ஆட்டத்தை நடத்துபவன். என் கேம்பெய்னில் (தொடர்கதையில்) பார்ட்டி, அதாவது பிளேயர்களின் பாத்திரக் கூட்டம், இப்போது ஒரு பாழுங்கிணற்றுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. கிணற்றுக்கு அடியில் ஏழடுக்கு என்று ஓர் ஊர். ட்வார்ஃப், நோம் என்ற குள்ள இனத்தாரும் காளான் மாந்தர்களும் பல தலைமுறையாகச் சூரியனையே பார்க்காமல் வாழ்கிற இடம். சாமி, சாப்பாடு, சண்டை எல்லாம் யோசித்து வைத்துவிட்டேன். கடைத்தெருவுக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. மேலே சத்திரத்தில் கொடுத்த அதே தங்கக் காசைக் கீழேயும் நீட்டுவார்கள், அங்கேயும் ஒருவன் மீதிச் சில்லறை எண்ணித் தருவான் என்றால் இவ்வளவு தூரம் எதற்கு இறங்கினோம்?

என் யோசனை இது. ஒளிரும் காளான் குடைகளைக் காயவைத்துக் காசாக்குவது. பளிச்சென்று எரிந்தால் பெரிய காசு, மங்கலாக இருந்தால் சில்லறை. இதைவிட விசித்திரமாக ஏதாவது இருந்தாலும் கொட்டுங்கள்.

பாதாளக்கரண்டி எழுதியது:

பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் காளான் முளைக்கும், சாமி. ஈரச் சுவரும் கொஞ்சம் எருவும் கிடைத்தால் ஊரில் ஒவ்வொரு வீட்டுக் கொல்லையும் நாணயச் சாலைதான்.

அப்புறம், உங்கள் விஸார்டுக்கு (மந்திரவாதிக்கு) வெளிச்சம் ஓசி. லைட் என்ற கேன்ட்ரிப் (சின்ன மந்திரம்) ஒரு மணி நேரம் எரியும், காலணா செலவில்லை. 50 தங்கத்துக்கு மாணிக்கப் பொடி வாங்கினால் கன்டினுவல் ஃபிளேம் என்ற மந்திரச் சுடர் அணையவே அணையாது. ஒளியைப் பணமாக வைத்தால் முதல் செஷனிலேயே ஊரை விலைக்கு வாங்கிவிடுவார்கள்.

என் மேசையில் ஒரே ஒரு விதி. மூன்றாம் லெவல் வரைக்குமான ஸ்பெல்லால் (மந்திரத்தால்) உண்டாக்க முடிகிற எதுவும் பணம் ஆகாது. தண்ணீர் போச்சு, முதல் லெவலிலேயே கிரியேட் ஆர் டெஸ்ட்ராய் வாட்டர் 10 கேலன் கொடுக்கிறது. சாப்பாடு போச்சு, மூன்றாம் லெவலில் 45 பவுண்டு வந்து விழும். என்ன மிஞ்சுகிறதோ அங்கிருந்து தொடங்குங்கள்.

மலர்விழி_டிஎம் எழுதியது:

காளானை விடுங்கள். அதற்கு முன்னால் ஒரு சங்கதி இருக்கிறது, பலரும் கவனிப்பதில்லை. டார்க்விஷன் (இருட்டிலும் பார்க்கும் திறன்) உள்ளவருக்கு இருட்டில் நிறம் தெரியாது, சாம்பல் சாயல்கள் மட்டும்தான். விதிநூலிலேயே இருக்கிறது. அப்படியானால் விளக்கில்லாத கடைத்தெருவில் தங்கம், வெள்ளி, செம்பு மூன்றும் ஒரே சாம்பல். முலாம் பூசி ஏமாற்றக்கூடத் தேவையில்லை.

கையால் தடவித் தெரிந்துகொள்ளலாமா? அதையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். விதிப்படி எல்லாக் காசும் ஒரே எடை, 50 காசு ஒரு பவுண்டு. அதாவது ஒன்று ஏறக்குறைய 9 கிராம். தங்கத்தின் அடர்த்தி 19.3, வெள்ளி 10.5, செம்பு 9-க்குக் கொஞ்சம் குறைவு. எல்லாவற்றையும் 2 மில்லிமீட்டர் கனத்தில் அடித்தால் செம்புக் காசு 25 மில்லிமீட்டர் அகலம் வரும், வெள்ளி 23 அல்லது 24, தங்கம் 17 தான். நம் 2011 வரிசை நாணயத்தில் 2 ரூபாயும் 5 ரூபாயும் 25, 23 மில்லிமீட்டர். பாக்கெட்டுக்குள் கைவிட்டு இந்த இரண்டில் எது எது என்று சொல்லிப் பாருங்கள், செம்புக்கும் வெள்ளிக்கும் நடுவே ஒரு பாதாள வியாபாரி படும் பாடு புரியும். தங்கம் மட்டும் பொடியாக, கனமாகத் தனித்து நிற்கும்.

ஆக, இருட்டில் வாழ்கிறவர்கள் விரலுக்குத்தான் காசு அடிப்பார்கள். ஓட்டை, வெட்டு, விளிம்பு, முனை. நம் 20 ரூபாய் நாணயத்துக்கு 12 பக்கம் வைத்தார்களே, 2019-ல் வந்த அந்த வரிசையே பார்வையற்றோரும் எளிதாக அடையாளம் காணும்படி வடிவமைத்ததுதான். 100 ரூபாய் நோட்டின் ஓரத்தில் 4 புடைப்புக் கோடு, 500-ல் 5. சீனத்தில் இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேலாக நடுவில் சதுர ஓட்டை போட்ட காசைக் கயிற்றில் கோத்தார்கள். கயிற்றை உருவிக்கொண்டே போனால் கண் வேண்டாம், எண்ணிக்கை வந்துவிடும்.

சத்தமும் இருக்கிறது. நம் ஊர்ப் பெரியவர்கள் காசைச் சுண்டிப் பார்ப்பார்களே, அதையே முழுநேர வேலையாகச் செய்கிற ஒரு சோதனையாளர் கூட்டம் ஏழடுக்கில் இருக்கட்டும். கல்மேடையில் காசைப் போட்டு, நாதம் கேட்டு, 'செல்லும்', 'செல்லாது' என்று தீர்ப்புச் சொல்கிறவர்கள். அவர்களில் ஒருவருக்குக் காது மந்தமாகிறது, வெளியே சொல்ல மாட்டேன் என்கிறார். உங்களுக்கு ஒரு செஷன் கிடைத்துவிட்டது.

கிழிஞ்சபை எழுதியது:

அப்போ சத்தத்தையே அடக்கும் சைலன்ஸ் ஸ்பெல் போட்டால் மொத்தச் சந்தையும் இழுத்து மூட வேண்டியதுதான். எங்கள் ரோக் (திருடன் பாத்திரம்) இப்போதே கையைத் தேய்க்கிறான்.

உமணன் எழுதியது:

நம் வாக்கு உப்புக்கு. கதையில் வருவது இருக்கட்டும், நிஜத்திலேயே உப்பு பணமாக ஓடியிருக்கிறது. எத்தியோப்பியாவில் அமோலே என்று செங்கல் போல வெட்டிய உப்புப் பாளம். கடல்மட்டத்துக்கு நூறு மீட்டருக்கும் கீழே கிடக்கும் தனாக்கில் பள்ளத்தில் வெட்டி, ஒட்டகத்தில் ஏற்றி மேட்டுநிலத்துக்குக் கொண்டுபோவார்கள். 20-ஆம் நூற்றாண்டு வரைக்கும் சந்தையில் காசாகச் செல்லுபடியானது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், வெட்டும் இடத்தைவிட்டுத் தள்ளிப் போகப் போக ஒரு பாளத்தின் மதிப்பு ஏறிக்கொண்டே போகும். பள்ளத்தில் சல்லிசு, உள்நாட்டில் கொள்ளை விலை. மழையில் நனைந்தால் கரைந்துபோகும், முனை உடைந்தால் வாங்குகிறவன் முகம் சுளிப்பான்.

இதை அப்படியே தலைகீழாகப் போடுங்கள். மேலே இருந்து கீழே போகப் போக, அடுக்குக்கு அடுக்கு உப்பு விலை ஏறும். விதிநூலில் ஒரு பவுண்டு உப்பு 5 செம்பு. உங்கள் பிளேயர்கள் இதை மோப்பம் பிடித்து உப்பு மூட்டையோடு வந்து நிற்பார்கள். வரட்டும். சுங்கச் சாவடி, உப்புச் செட்டுக்காரர்கள், வழியில் ஒரு நிலத்தடி ஆறு. மூட்டையை நனையாமல் கடத்திக்கொண்டுபோவதே அரை கேம்பெய்ன்.

பாதாளக்கரண்டி எழுதியது:

உமணரே, உப்பு வணிகர் என்ற பெயருக்கேற்ற விசுவாசம். ஆனால் உப்பு நிலத்துக்கு அடியில்தானே மலைமலையாகக் கிடக்கிறது? போலந்தில் வியெலிச்கா உப்புச் சுரங்கம் 300 மீட்டருக்கு மேல் ஆழம், 13-ஆம் நூற்றாண்டிலிருந்து தோண்டியிருக்கிறார்கள். உள்ளே ஒரு தேவாலயத்தையே உப்புப் பாறையில் குடைந்து, சரவிளக்குக்குக்கூட உப்புப் படிகம் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட்டில் வெண்கலக் காலத்து மரப்படிக்கட்டு ஒன்று கெடாமல் கிடைத்தது, உப்பு அதைக் காப்பாற்றி வைத்திருந்தது. பாதாள ஊர் உப்பை விற்கும், பணமாக வைத்துக்கொள்ளாது. அவர்களுக்கு மரம்தான் தங்கம். நல்ல நீளமான, கணுவில்லாத ஒரு பலகையை அங்கே யாராவது பார்த்திருப்பார்களா?

உமணன் எழுதியது:

எல்லா மண்ணுக்கடியிலும் உப்பா கிடைக்கிறது? ஏழடுக்கு கிரானைட் பாறைக்குள் இருந்தால் ஒரு கல் உப்பு கிடையாது. முதலில் எந்தப் பாறை என்று டிஎம் சொல்லட்டும், அப்புறம் என்னைத் திட்டுங்கள்.

சுரங்கச்சாமி எழுதியது:

சண்டை வேண்டாம், கிரானைட்தான். மரம் என்ற யோசனையும் குறித்துக்கொண்டேன். ஆனால் எனக்கு இன்னொரு குடைச்சல். நீங்கள் சொல்வதெல்லாம் 'எது அரிது' என்ற கேள்விக்குப் பதில். அந்தக் காசை யார் வெளியிடுகிறார்கள், அதை ஏன் எல்லாரும் நம்புகிறார்கள் என்பதற்கு விடை தெரிந்தால்தான் ஊருக்குள் அரசியல் வரும். ராஜா கிடையாது அங்கே.

தராசுக்காரி எழுதியது:

ராஜா வேண்டியதில்லை. ராட்ஃபோர்டு என்ற பொருளியலாளர் இரண்டாம் உலகப்போரில் கைதி முகாமில் இருந்தவர். 1945-ல் அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். முகாமில் சிகரெட்தான் பணம். யாரும் உத்தரவு போடவில்லை, செஞ்சிலுவைப் பொட்டலம் வரும்போது விலைவாசி ஏறும், எல்லாரும் புகைத்துத் தீர்த்ததும் இறங்கும். அமெரிக்கக் கூட்டாட்சிச் சிறைகளில் 2004-ல் புகைபிடிக்கத் தடை வந்ததும் அந்த இடத்துக்கு வந்தது கானாங்கெளுத்தி மீன் பொட்டலம். ஒன்று சுமார் ஒரு டாலர். பெரும்பாலானவர்கள் அதைத் தின்ன விரும்பவில்லை என்பதே அதன் பலம். ஆசைப்பட்டுத் தின்றுவிடுகிற பண்டம் பணமாக நீடிக்காது.

எதிர்த்திசையிலும் போகலாம். ஆஸ்திரியாவின் வோர்கல் என்ற சிற்றூரில் 1932-ல் நகராட்சியே ஒரு சீட்டுப் பணம் விட்டது. மாதம் ஒரு விழுக்காடு மதிப்புக்கு ஸ்டாம்ப் வாங்கி ஒட்டாவிட்டால் அது செல்லாது. வைத்திருந்தால் நஷ்டம் என்பதால் எல்லாரும் உடனுக்குடன் செலவழித்தார்கள், வரிபாக்கி வசூலானது, சாலை போட்டார்கள். அடுத்த ஆண்டே மத்திய வங்கி நிறுத்திவிட்டது. பாதாளத்தில் இதற்கு ஸ்டாம்ப்கூட வேண்டாம். அழுகுகிற பணம் போதும். சாலமன் தீவுகளின் சாந்தா குரூஸ் பகுதியில் ஒரு சின்னப் பறவையின் சிவப்பு இறகை ஒட்டிய நீண்ட சுருளைப் பணமாக வைத்திருந்தார்கள். நிறம் மங்க மங்க மதிப்புக் குறையும். புகைக்கு மேலே இலையில் சுற்றிக் கட்டிப் பாதுகாப்பார்கள், மணப்பெண்ணுக்குப் பரிசம் கொடுக்க அதுதான்.

இந்த வகைப் பணம் உள்ள ஊரில் பணக்காரன் பெட்டியில் பூட்டி வைக்க மாட்டான். விருந்து வைப்பான், ஆள் சேர்ப்பான், நாலு பேரைக் கடனாளியாக்கி வைப்பான். டிராகன் குவியல் மேல் படுத்துத் தூங்கவே முடியாது. சுரங்கச்சாமி கேட்ட அரசியல் அங்கேயே இருக்கிறது.

கோலார்ப்பேரன் எழுதியது:

நான் இந்த விளையாட்டுக்குப் புதிது, ஆனால் சுரங்கத்துக்குப் பழசு. என் தாத்தா கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர். வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து போன ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. 3 கிலோமீட்டருக்கும் கீழே வரை வெட்டினார்கள், 2001-ல் மூடிவிட்டார்கள். தங்கத்தைத் தோண்டுகிறவர்கள் கீழே தங்கத்தைப் பற்றிப் பேசிக்கொள்ளவே மாட்டார்களாம். பேச்சு முழுக்கக் காற்று, சூடு, பாறை வெடிப்பு, மேலே போகும் கூண்டு எத்தனை மணிக்கு என்பதுதான். ஆழத்தில் பாறையே கொதிக்கும். காற்று வராவிட்டால் யாரும் நிற்க முடியாது.

எல்லாரும் அரிதான பொருளைத் தேடுகிறீர்கள், காற்றை விட்டுவிட்டீர்களே. பழைய பிரிட்டிஷ் நிலக்கரிச் சுரங்கங்களில் காற்று சரியான பாதையில் ஓடுவதற்காக நடுநடுவே கதவு வைத்திருப்பார்கள். வண்டி வரும்போது கதவைத் திறந்து மூடுவதற்குச் சின்னப் பிள்ளைகளை இருட்டில் உட்கார வைத்தார்கள், ஒரு நாளைக்கு 12 மணி நேரம்கூட. 1842-ல் சட்டம் போட்டுத்தான் பத்து வயதுக்குக் குறைந்த பையன்களையும் எல்லாப் பெண்களையும் நிலத்தடி வேலையிலிருந்து நிறுத்தினார்கள். ஒரு கதவு திறந்தே கிடந்தால் எங்கோ ஒரு மூலையில் நச்சுக் காற்று சேரும்.

அடுத்தது வில்லை. விளக்கறையில் ஒவ்வொருவருக்கும் எண் வெட்டிய ஒரு பித்தளை வில்லை. வில்லையைக் கொடுத்து விளக்கை வாங்கிக்கொண்டு இறங்க வேண்டும். ஏறி வந்ததும் விளக்கைக் கொடுத்து வில்லையைத் திரும்ப வாங்க வேண்டும். வேலை முடிந்தும் ஆணியில் ஒரு வில்லை தொங்கிக்கொண்டிருந்தால் அந்த ஆள் இன்னும் கீழேதான் இருக்கிறான் என்று பொருள். விபத்து நடந்தால் யார் யார் உள்ளே என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள்.

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா, கென்டக்கி பக்கம் கம்பெனிகளே தங்கள் பெயர் பொறித்த உலோக டோக்கனைச் சம்பள முன்பணமாகக் கொடுத்தன. அது கம்பெனிக் கடையில் மட்டும்தான் முழு மதிப்புக்குச் செல்லும், வெளியே மாற்றினால் தள்ளுபடி. ஆட்கள் வாழ்நாள் பூராவும் கடையில் பாக்கி வைத்தே கிடந்தார்கள்.

இந்த மூன்றையும் சேர்த்து ஒரு காசு செய்யலாமா? காற்றுத் துருத்தியைக் கையில் வைத்திருக்கும் ஒரு சங்கம், அது விடும் வில்லை. ஒரு வில்லைக்கு ஒரு ஆளுக்கு ஒரு நாள் மூச்சு.

மலர்விழி_டிஎம் எழுதியது:

இந்த இழையில் இதுவரை வந்ததில் இதுதான் எனக்குப் பிடித்தது. வில்லையில் வெட்டு வைத்தால் விரலுக்கும் தெரியும்.

பாதாளக்கரண்டி எழுதியது:

பிடித்திருக்கிறது, ஆனால் ஓட்டை பார்க்காமல் விட மாட்டேன். என் ஸ்பெல் விதியில் தேறுகிறது. பலத்த காற்றடிக்கும் கஸ்ட் ஆஃப் விண்ட் ஸ்பெல் இருக்கிறதே என்று யாராவது ஆரம்பிப்பார்கள், அது ஒரு நிமிடம்தான், அதுவும் கான்சன்ட்ரேஷன் (கவனம் சிதறினால் போச்சு), இருக்கிற காற்றைத்தான் தள்ளும். சரி.

கேள்வி இதுதான். வில்லைக்குத் தேதி உண்டா? இன்றைய மூச்சு இன்றைக்கு மட்டும் என்றால் தராசுக்காரி சொன்ன அழுகும் பணம். தேதி இல்லை, எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்றால் சேர்த்து வைக்கலாம், களவாடலாம். ஆனால் துருத்திக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தள்ள முடியும் என்று ஓர் அளவு இருக்கும். ஊரில் சுற்றும் வில்லையெல்லாம் ஒரே நாளில் வந்து வாசலில் நின்றால்?

தராசுக்காரி எழுதியது:

தேதி போடாதீர்கள். நீங்கள் கடைசியாகக் கேட்டதுதான் கதையே. அன்றன்றைக்குத் தள்ள முடிவதைவிட அதிக வில்லையைச் சங்கம் வெளியே விட்டிருக்கும், எல்லா வங்கியும் செய்கிற வேலை. சாதாரண நாளில் தெரியாது. ஆறாம் அடுக்கில் துருத்தி பழுது என்று ஒரு வதந்தி கிளம்பினால் போதும், வங்கி வாசலில் கூட்டம் கூடுகிற மாதிரி கூடும். வித்தியாசம் என்னவென்றால் இங்கே பணம் கிடைக்காதவர் ஏழையாக மாட்டார், மூச்சு முட்டிச் சாவார். வதந்தியைக் கிளப்பியது பார்ட்டியாக இருந்தால் இன்னும் நல்லது.

டி20தாத்தா எழுதியது:

பொறுமையாக எல்லாவற்றையும் படித்தேன், பிள்ளைகளா. யோசனை எல்லாம் பிரமாதம். இப்போது மேசைக்கு வாருங்கள். 1974-ல் இந்த விளையாட்டு வந்தபோது ஒரு தங்கக் காசை வெளியே கொண்டுவந்தால் ஒரு எக்ஸ்பி (அனுபவப் புள்ளி). அடுத்து வந்த அட்வான்ஸ்டு பதிப்பில் பத்துக் காசு ஒரு பவுண்டு எடை. எத்தனை காசைத் தூக்கலாம், எதை விட்டுவிட்டு ஓடலாம் என்பதுதான் ஆட்டமே. பணம் வெறும் அலங்காரமாக இருந்ததில்லை, பிளேயரை ஏதாவது முடிவெடுக்க வைத்தது.

விசித்திரக் காசு வைத்த பல டிஎம்-களைப் பார்த்திருக்கிறேன். ஏழு வகை சிப்பி, மூன்று வகைப் பல், ஒவ்வொன்றுக்கும் மாற்று விகிதம். இரண்டாம் செஷனில் ஒரு பிளேயர் 'தங்கத்தில் எவ்வளவு?' என்று கேட்பார், டிஎம் சொல்லுவார், அத்தோடு அந்த உலகம் செத்தது. அதனால் மாற்று விகிதத்தையே வைக்காதீர்கள். தங்கத்தை மூச்சாக மாற்ற எந்தக் கடையும் கிடையாது. வேலை செய்து சம்பாதிக்கலாம், யாரிடமாவது கெஞ்சி வாங்கலாம், திருடலாம். கைக்கு உண்மையான ஒரு பொருளைக் கொடுத்துவிடுங்கள், தாளில் எழுதவே கூடாது. சட்டைப் பொத்தான் போதும். நாள் முடிந்தால் ஆளுக்கு ஒரு பொத்தானை நடுவில் இருக்கும் கிண்ணத்தில் போட வேண்டும். கிண்ணத்தில் பொத்தான் விழும் சத்தத்துக்கு எங்கள் வீட்டு மேசையில் பெரிய மரியாதை உண்டு.

மலர்விழி_டிஎம் எழுதியது:

தாத்தா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பொத்தான்களைத் துணிப்பைக்குள் போட்டுவிடுங்கள். இரண்டு ஓட்டைப் பொத்தான் ஒரு நாள் வில்லை, நாலு ஓட்டை என்றால் வாரத்துக்கானது. வெளிச்சமில்லாத கடையில் பணம் கொடுக்கும்போது பிளேயர் பையைப் பார்க்காமல் விரலாலேயே தடவி எடுக்க வேண்டும். எடுத்தது எதுவோ அதுதான் கொடுத்தது. டைஸ் உருட்டவே வேண்டாம்.

எலும்பன் எழுதியது:

நானும் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். பெரிய தொகைக்கு வில்லை வேண்டாம், பிளந்த எலும்பு. இங்கிலாந்து அரசுக் கருவூலத்தில் ஹேசல் குச்சியில் தொகையை வெட்டுக் குறியாகப் போட்டு, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து ஆளுக்குப் பாதி வைத்துக்கொள்வார்கள். இரண்டு பாதியையும் சேர்த்தால் வெட்டும் பொருந்த வேண்டும், மரத்தின் ரேகையும் பொருந்த வேண்டும். ஒரு பாதியில் மட்டும் கூடுதலாக வெட்டினால் அடுத்த பாதி காட்டிக்கொடுத்துவிடும். எழுநூறு ஆண்டு ஓடியது, 1826-ல் நிறுத்தினார்கள். 1834-ல் மிச்சமிருந்த குச்சிகளை நாடாளுமன்றத்து உலையிலேயே போட்டு எரிக்கப் போய், கட்டடமே பற்றி எரிந்தது.

கிரானைட் ஊரில் மரம் கிடையாது என்று ஏற்கெனவே பேசியாயிற்று, அதனால் தொடை எலும்பு. கட்டைவிரலைப் பிளவின் மேல் ஓட்டினாலே பொருத்தம் தெரியும், இருட்டு ஒரு தடையே இல்லை. யாருடைய எலும்பு என்று பிளேயர்கள் கேட்கும்வரை சொல்லாதீர்கள்.

உமணன் எழுதியது:

எலும்பு என்றதும் ஞாபகம் வருகிறது. லைபீரியா, சியரா லியோன், கினி எல்லைப் பக்கம் கிஸ்ஸி பென்னி என்று முறுக்கிய இரும்புக் கம்பி ஒன்று பணமாக ஓடியது. ஒரு முனை தட்டை, மறுமுனை இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். உடைந்துவிட்டால் அதன் உயிர் போய்விட்டதாகக் கருதுவார்கள், செல்லாது. பூசாரியிடம் கட்டணம் கொடுத்துச் சடங்கு செய்து, ஒட்டி, உயிரைத் திரும்ப வரவழைத்தால்தான் மறுபடி செல்லும். சுரங்கச்சாமி, உடைந்த வில்லைக்கு உங்கள் ஊரில் என்ன சடங்கு?

சுரங்கச்சாமி எழுதியது:

அனைவருக்கும் நன்றி, இனி முடிவு பண்ணிவிட வேண்டியதுதான். காளான் போய்விட்டது, சூப்புக்கு வைத்துக்கொள்கிறேன்.

ஏழடுக்கில் துருத்திக்காரர் சங்கம். மூச்சுவில்லை பித்தளையில், விளிம்பில் வெட்டு, நடுவில் ஓட்டை. தேதி கிடையாது, மாற்று விகிதம் கிடையாது. வாசல்காவல் பிள்ளைகள் ஒவ்வொரு அடுக்கு வாசலிலும் வில்லையை வாங்கி ஆணியில் மாட்டுவார்கள், திரும்பும்போது அடுத்த நாளுக்கு வேறு வில்லை கேட்பார்கள். உள்ளே போய்த் திரும்பாதவருடைய வில்லை ஆணியிலேயே இருக்கும். சங்கம் அதை உருக்கக் கூடாது, குடும்பத்தார் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படி எடுத்த வில்லை சந்தையில் செல்லாது, ஆனால் சங்கத்திடம் ஒரு முறை எதைக் கேட்டாலும் மறுக்க முடியாது. உடைந்த வில்லை திரும்பாதவருக்குச் சமம், அதனால் வேண்டுமென்றே உடைத்தால் கொலைக் குற்றம். உமணருக்குப் பதில் அது. பெரிய கடனுக்குப் பிளந்த எலும்பு.

ஒரே ஒரு சிக்கல். என் பார்ட்டியில் ஒரு வார்ஃபோர்ஜ்டு, அதாவது உயிருள்ள இயந்திர வீரன், இருக்கிறான். விதிப்படி அவனுக்குச் சாப்பாடு, தண்ணீர், மூச்சு எதுவுமே வேண்டாம். அவன் பங்குக்கு வரும் வில்லையெல்லாம் மிச்சம். என்ன செய்வது?

கிழிஞ்சபை எழுதியது:

அப்போ அந்த ஊர் நம்பர் ஒன் கோடீஸ்வரன் ஒரு லிச், செத்தும் சாகாத மந்திரவாதி. எலும்புக்கூடு வேலையாட்கள், சம்பளம் பூரா சேமிப்பு.

பாதாளக்கரண்டி எழுதியது:

சிரிப்புக்குச் சொன்னாலும் கிழிஞ்சபை சொன்னது நிஜமான ஓட்டை. அடைக்க வழி இருக்கிறது. மூச்சு விடாதவருக்குச் சங்கம் வில்லை கொடுக்காது, வாங்கவும் செய்யாது. வாசலில் வாய்க்கு முன்னால் குளிர்ந்த கல்தகட்டைப் பிடிப்பார்கள், ஆவி படிய வேண்டும், விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். படியாவிட்டால் அவன் ஊர்க் கணக்கிலேயே இல்லாத ஆள். வாசல் அவனுக்குத் திறக்காது, அதனால் காற்றுக் குழாய் வழியாகத்தான் நுழைய வேண்டும்.

டி20தாத்தா எழுதியது:

காற்றுக் குழாயில் ஆள் புகுந்தால் கீழே காற்று குறையும். எந்த அடுக்கில், எத்தனை பொத்தான் என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்.

சுரங்கச்சாமி எழுதியது:

ஐந்தாம் அடுக்கு, ஆளுக்கு ஒரு பொத்தான் கூடுதல், அவன் குழாயை விட்டு வெளியே வரும்வரை ஒவ்வொரு நாளும். மற்ற பிளேயர்கள்தான் கட்ட வேண்டும். சனிக்கிழமை செஷன், முடிந்ததும் இங்கே எழுதுகிறேன்.